ராணி கொடுத்த உத்தரவு

கல்வராயன் மலை சத்தியமாக, இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு சொல் கூடுதலாக இருந்தாலும் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும்.

எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்ததே, அப்போது கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் போகும் வழியில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. சின்னதுரையின் குதிரை வண்டி மட்டும் போய் வந்தது. காரணம் அவருடைய பெண் குதிரை ராணி.

முதல் நாள் வண்டியை மறித்தவர்களில் பாவாடை என்பவர், வெயிலுக்கு இதமாக இருக்கட்டுமே என்று ராணியின் முதுகில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். ராணி கழுத்தை விறைத்துத் தூக்கி, முதுகைப் பள்ளமாக இறக்கி, தோல் அலை அலையாக ஓட நடுங்கியது. கோயிலில் வெட்டப்போகும் ஆடு தண்ணீர் பட்டுச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்றுதானே கணக்கு? கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

"உத்தரவு ஆயிடுச்சி. வுடுங்கடா வண்டிய!" என்றார் பாவாடை.

மூன்றாம் நாள் ராணியிடம் உத்தரவு கேட்க ஏழு ஊர் ஜனம் வந்துவிட்டது. பெண் எடுக்கலாமா, கிணறு வெட்டலாமா, மாமியாரைத் திரும்ப அழைத்து வரலாமா. மாற்றல் உத்தரவுக்கு நாலு வருஷமாகக் காத்திருந்த ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் கையாலேயே ஊற்றினார். மறுநாள் காலை மாற்றல் வந்துவிட்டது. தபாலே வராத வாரத்தில் அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அதுவரை "யோவ் வண்டிக்காரா" என்றிருந்தவர்கள் சின்னதுரையை "சாமி" என்றார்கள். அவரும் எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்தார். ராணி தரையில் கிடக்கும் புல்லுக்குக் குனிய மாட்டேன் என்றால், "ராணின்னா தலை குனியுமா?" கழுத்தை இடப்பக்கம் வளைக்காமல் பஸ் திரும்புவதைப்போல மொத்த உடம்பையும் திருப்பினால், "கம்பீரம் சார்." சேணம் உட்காரும் இடத்தில் ரூபாய் அகலத்துக்கு முடி வெளுத்திருந்ததா? "அது ராஜ பொட்டு." பெண்கள் அதில் மஞ்சள் வைத்தார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் சேணத்தைக் கழற்றியபோது அந்தப் பொட்டில் அவருடைய கட்டைவிரல் அழுந்திவிட்டது. ஒன்பது வருஷத்தில் ஒருமுறையும் கடிக்காத ராணி காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு கடிக்க வந்தது. அந்த நிமிஷமே அவருக்குப் புரிந்துவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறுநாள் ஜனங்கள் பூமாலையோடு வந்து நின்றார்கள்.

ஐந்தாம் நாள் வண்டியில் ஏறியவள் காசிம் பீவி. கள்ளக்குறிச்சியில் மெத்தை தைப்பவள். வடக்கனந்தலில் அவள் மகள் ஜெபீனாவுக்கு வலி எடுத்துவிட்டது என்று சேதி வந்திருந்தது. புளியமரத்தருகே, வண்டியைத் தூக்கிக் கடத்துவதற்காக, எல்லாரும் இறங்கினார்கள். சின்னதுரை சேணத்தைத் தூக்கிச் சரிசெய்தார். ராணி பல்லைக் கடித்தது, கண்ணோரம் சுருங்கியது.

"தொர, குதிர இன்னாத்துக்கு மூஞ்சிய அப்டி சுளிக்குது?"

"சாமி எறங்கற நேரம் பீவிம்மா."

"குடு இப்டி." சேணத்தைப் பிடுங்கி அதன் அடிமெத்தையை விரலால் நீவிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். "பஞ்சு கட்டிக்கினு கல்லாட்டம் கீது. இதும்மேல ஒருத்தன படுக்கச் சொன்னா என்னிய செருப்பால அடிப்பான். ஒனக்குத் தெரியாது?"

"தெரியாது" என்றார் சின்னதுரை.

பீவி அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவருக்கு.

பாவாடை செம்போடு வந்தார். பின்னால் நூறு பேர். ராணி செம்பைப் பார்த்ததுமே முதுகைத் தாழ்த்தியது.

"ஊத்தாதிங்க" என்றார் சின்னதுரை. "உத்தரவு இல்லிங்க அது. வலி. எனக்கு மூணு நாளா தெரியும்."

கூட்டத்தில் யாரோ, "அப்ப ஆட்டுக்கு?" என்றார்கள்.

"இந்தம்மா எங்க போவுது?" என்று கேட்டார் பாவாடை.

"பொண்ணுக்குப் பேறு காலம்."

"யோவ், மொத நாளே ஆஸ்பத்திரி கேசு, பேறு காலம்னு சொல்லிக் கேட்டிருந்தா வுட்டிருப்பமே. இதுக்கு ஒரு வாயில்லா ஜீவன் ஒடம்பு நடுங்கணுமா?"

நாலு பேர் வண்டியின் ஏர்க்காலைப் பிடித்தார்கள். மரத்துக்கு மேலே தூக்கி, பீவியை உட்காரவைத்து, வடக்கனந்தல்வரை இழுத்துக்கொண்டே ஓடினார்கள். எந்தக் குதிரையும் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. பேரன் பிறக்கும் முன்பே பீவி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சின்னதுரை ராணியை வெறும் முதுகோடு நடத்திக்கொண்டு திரும்பினார். வழியில் ஒருவரும் அவரை "சாமி" என்று கூப்பிடவில்லை. "வண்டிக்காரா" என்றும் சொல்லவில்லை. ஏரிக்கரையில் நிறுத்தி, தடவிக் கொடுக்கலாம் என்று கழுத்தருகே கையைக் கொண்டுபோனார். கை படுவதற்கு முன்பே ராணி தலையைத் தூக்கி விலகிக்கொண்டது. நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார். "தெரிஞ்சேதான் சேணத்தக் கட்டுனேன்" என்று அதனிடம் சொன்னார்.

முதுகில் புண்ணோடு ராணியை உளுந்தூர்பேட்டை வியாபாரி ஒருவரிடம் சின்னதுரை விற்றது எண்பத்தைந்தில், மறியலுக்கு இரண்டு வருஷம் முன்னால்.