மெடிக்கல் விரதம்

கரியப்பன் வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு விரதம் வரும். அது எந்தச் சாமிக்கும் இல்லை, கம்பெனி டாக்டருக்கு. ஓசூர் சிப்காட்டில் அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கம்பெனியில் வருஷாவருஷம் மெடிக்கல் செக்கப் வைப்பார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை கூடியிருந்தால் வண்டியிலிருந்து இறக்கி பேக்கிங்கில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று கேன்டீனில் பேச்சு. நிஜமா பொய்யா என்று யாரும் போய்க் கேட்டதில்லை.

அதனால் நோட்டீஸ் போர்டில் தேதி ஒட்டிய அன்றே அவன் மனைவி முனிலட்சுமி அடுப்பங்கரைச் சட்டத்தை மாற்றிவிடுவாள். காப்பிக்குச் சர்க்கரை கிடையாது. சோறு கிடையாது. பாகற்காய், வெந்தயத் தண்ணீர், ராத்திரிக்கு மோர் மட்டும். புருஷன் முகம் வாடிப்போகும். அவளுக்குப் பாவமாக இருக்கும், ஆனாலும் விடமாட்டாள். ரிசல்ட் வந்ததும் கம்பெனி கேட்டிலிருந்தே போன் செய்வான்.

"லட்சுமி, பாஸு!"

அன்றைக்கு வீட்டில் ஒப்பட்டு, வெல்லப் பூரணம் வைத்த போளி. நெய் சொட்டச் சொட்ட அவளே சுட்டு அவன் தட்டில் போடுவாள். அதற்குப் பிறகு அடுத்த தேதி ஒட்டும்வரை சர்க்கரை என்ற பேச்சே வீட்டில் எழாது. மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிக்குப் போய்க் கூடையோடு வாங்கி வருவான். ஷிப்டில் டீக்கு மேல் டீ, கூடவே பன். அடிக்கடி எழுந்து தண்ணீர் குடிப்பான், பாத்ரூம் போவான். "ஏங்க, ஒருவாட்டி வெளிய பாத்துக்கலாமா?" என்று அவள் கேட்டதுண்டு.

"அதான் பாஸாயிட்டனே. களி தின்ன உடம்பும்மே இது, சுகரெல்லாம் எட்டிப் பாக்காது" என்பான். பெரிய களி உருண்டையாக இரண்டை உள்ளே தள்ளிவிட்டுத்தான் சொல்வான். அவளும் நம்பினாள். நம்புவது சௌகரியமாக இருந்தது.

காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அதுவும் நின்றுபோனது. சரியாகிவிட்டது என்று இருவரும் சந்தோஷப்பட்டார்கள். கால் மரத்துப்போனதைத்தான் கொண்டாடியிருக்கிறோம் என்று முனிலட்சுமிக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்து சேஃப்டி ஷூவைக் கழற்றினான். சாக்ஸ் ரத்தத்தில் நனைந்து ஒட்டிக்கிடந்தது. ஷூவுக்குள் ஒரு இரும்புப் பிசிறு, லேத்தில் சுருண்டு விழுகிறதே, அது. எப்போது உள்ளே போனதோ, அதை மிதித்துக்கொண்டே நாள் முழுக்க வேலை பார்த்திருக்கிறான்.

"வலிக்கலையாங்க?"

"இல்லியே" என்றான், அவனுக்கே ஆச்சரியமாக. மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். வலிக்காத புண் சின்னப் புண்தானே என்று இருந்துவிட்டார்கள். பாதம் கறுத்து நாற்றம் எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அங்கே டாக்டரம்மா வேறு ஏதோ பரிசோதனை செய்தார். "இவருக்குப் பல வருஷமா சுகர் இருந்திருக்கும்போல. யாரும் பாக்கலையா?"

"வருஷாவருஷம் பாத்தோம் மேடம். நார்மல்னுதான் வந்துச்சு" என்றவள், விரதக் கதையையும் சொன்னாள். டாக்டரம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"பட்டினி கெடந்தா அன்னிக்கு எண் கொறையும்மா. நான் பாத்தது மூணு மாசத்துச் சராசரி, அது நாலு நாள் பட்டினியில கொறையாது. அப்பவே தெரிஞ்சிருந்தா சாப்பாட்டுலயும் மாத்திரையிலயும் கட்டுக்குள்ள வச்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

வலது பாதத்தில் முன்பாதியை எடுத்தார்கள். ஃபோர்க்லிஃப்டும் போயிற்று.

இப்போது வீட்டில் அரை உருண்டை களி, தட்டு நிறையக் கீரை, கொஞ்சம் பயறு. சாப்பிடும் முன்னும் பின்னும் அவன் விரலைக் குத்தி மீட்டரில் பார்க்கிறாள். எண் கூடினால் என்ன தின்றான் என்று யோசித்து மறுநாள் குறைக்கிறாள். இதில் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை. அதுதான் அவளைக் கொல்கிறது. இதை அப்போதே செய்திருக்கலாமே.

இடது காலையாவது காப்பாற்றியாக வேண்டும். டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தபடி சாயங்காலம் கரியப்பன் கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டுவான். அவள் பஞ்சால் பாதத்தில் அங்கங்கே தொடுவாள். தொடுவது தெரிந்தால் அவன் சொல்ல வேண்டும்.

அன்றைக்கும் கண்ணை மூடினான். அவள் பஞ்சைக் கிள்ளி எடுத்தாள்.

"தெரியுது" என்றான் கரியப்பன்.

அவள் கை அப்படியே நின்றது.

"கட்டவிரல்கிட்டதான? நல்லாத் தெரியுது." கண்ணைத் திறக்காமலே சிரித்தான். "என்னாம்மே, பாஸா?"

பாஸாவதற்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தானே. ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

"இல்லிங்க" என்றாள். "நான் இன்னும் தொடவே இல்ல."