நெட்ஸ்கேப்பில் மட்டும் தெரிந்த ஆடு

"இந்தப் பக்கத்த யாருவே செஞ்சது?" என்று தாணுமாலையன் அண்ணாச்சி கேட்டபோது நான் அந்த அறையில்தான் நின்றுகொண்டிருந்தேன். குற்றாலலிங்கம் சார் தொண்டையைக்கூடச் செருமவில்லை.

"நான்தான் அண்ணாச்சி. இந்தப் பிள்ள எழுத்து அடிச்சுக் குடுக்கும்."

இந்தப் பிள்ளை என்றது என்னை. கமர் நிஷா, மேலப்பாளையம். பாளையங்கோட்டையில் சாரின் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்து, "நல்லா அடிக்கியாம்மா?" என்றார். ஆமா என்று தலையாட்டினேன். நல்லா அடிக்கிறேனா இல்லையா என்பது பிறகு அவருக்கே தெரிந்தது.

அண்ணாச்சிக்கு நிலாவாரை ஏற்றுமதி. இங்கே விளைந்து, காய்ந்து, தூத்துக்குடியில் கப்பலேறி, ஜெர்மனியில் மலச்சிக்கல்காரர்களின் வயிற்றில் இறங்குகிற இலை. "அவனுவளுக்கு ஒழுங்காப் போயிட்டா நமக்கு யாவாரம் நின்னு போயிரும்லா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். 1999ஆம் வருஷம் அவருக்கும் இணையத்தில் ஒரு பக்கம் வைக்க ஆசை வந்தது. அந்தப் பக்கத்துக்காகத்தான் ஒரு கோடை முழுக்க என் கண் எரிந்தது.

அப்போது இணையம் பார்க்கிறவர்கள் இரண்டு கட்சி. எக்ஸ்ப்ளோரரில் பார்க்கிற கட்சி, நெட்ஸ்கேப்பில் பார்க்கிற கட்சி. ஒரே பக்கம் இரண்டிலும் ஒரே மாதிரித் தெரிந்தால் அது தர்காவில் அவுலியா செய்த அற்புதம். ஒரு பெட்டிக்கு இருநூறு அகலம் என்று எழுதினால், எக்ஸ்ப்ளோரர் சாக்கோடு சேர்த்து எடை போடும். நெட்ஸ்கேப் சரக்கை இருநூறு நிறுத்துவிட்டு, சாக்கின் எடையைத் தனியாக மேலே ஏற்றும். அங்கே ஒழுங்காக நின்ற பெட்டி இங்கே பக்கத்துப் பெட்டியின் மடியில் போய் உட்காரும். நெட்ஸ்கேப் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்தாலோ, போட்ட அலங்காரமெல்லாம் உதிர்ந்து பக்கம் முண்டமாக நிற்கும். இடைவெளி விடுவதற்கும் நேர்வழி சரிப்படாது. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படம் ஒன்றை இழுத்து நீட்டி, நடுவில் முட்டுக் கொடுப்போம். அதற்கு ஸ்பேசர் என்று பேர். எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் உள்ளே ஸ்பேசர்கள் இறைந்து கிடக்கும். யாரும் அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை. காலிச் சாக்கை எவன் உதறிப் பார்ப்பான்?

நான் இரண்டு கட்சிக்கும் பொதுவாகப் பக்கத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். சாருக்கு அது பிடிக்கவில்லை.

"நெட்ஸ்கேப்ப எவன் பாக்கான்? நம்ம சென்டர்ல எல்லாத்துலயும் எக்ஸ்ப்ளோரர்தான் இருக்கு."

"ஜெர்மனிக்காரங்க பாப்பாங்க சார்."

"நீ ஜெர்மனிக்குப் போயிருக்கியோ?"

போனதில்லை. ஆனால் அந்த ஜெர்மன் கம்பெனி அண்ணாச்சிக்கு அனுப்பிய மின்னஞ்சல்களின் தலைப்பகுதியைப் பார்த்திருந்தேன். எல்லாமே நெட்ஸ்கேப்பிலிருந்து வந்தவை. எங்கள் வாப்பா மேலப்பாளையம் சந்தையில் ஆட்டுத் தரகர். எதிராளி என்ன செருப்புப் போட்டு வந்திருக்கிறான் என்று பார்க்காமல் அவர் விலை பேச்சைத் தொடங்க மாட்டார்.

வாப்பாவின் தொழிலில் பேச்சு எல்லாம் துண்டுக்கு அடியில்தான். இரண்டு பேர் கை கோத்து, மேலே துண்டைப் போட்டு, விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒருவருக்கும் மானம் போகாது. அதனால் நானும் முதலில் சாருக்கு மானம் போகாத வழியைத்தான் பார்த்தேன். அன்றைக்கு அண்ணாச்சி ஆபீசிலிருந்து படியிறங்கும்போது சாரிடம் பைய கேட்டேன்.

"சார், பக்கத்துக்கு அடியில ஒரு ஓரமா என் பேரையும் போடலாமே."

"பேரு போட நீ என்ன சினிமா நடிகையா? போ, போய் வேலையப் பாரு."

போய் வேலையைப் பார்த்தேன்.

தம்பி வளர்த்த கிடா ஒன்றின் போட்டோ வீட்டில் இருந்தது. கொம்பில் நீலச் சாயம் பூசி, மணமேடைக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதை ஸ்கேன் செய்து, கீழே ஆங்கிலத்தில் எழுதினேன்: 'களவு போன ஆடு. உடைமைக்காரி: கமர் நிஷா, மேலப்பாளையம்.' ஆட்டையைப் போட்டவருக்கு ஆட்டைத்தானே போட முடியும். படத்துக்கு ஸ்பேசர் என்றே பேர் வைத்து, பக்கத்தின் உச்சியில் நிறுத்தினேன்.

இனி அது சார் கண்ணில் படக் கூடாது. 'இந்தப் படத்தைக் காட்டாதே' என்ற கட்டளையை வேறொரு கோப்பில் எழுதி, அந்தக் கோப்பை இறக்குமதி செய்துகொள் என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். எக்ஸ்ப்ளோரர் அந்த வரிக்குக் கீழ்ப்படிந்து கோப்பை எடுத்து வந்து ஆட்டை மறைத்துவிடும். நெட்ஸ்கேப்புக்கு அந்த வரியே புரியாது, தாண்டிப் போய்விடும். ஆடு அங்கே ஜம்மென்று நிற்கும். ஒரு தடவை நெட்ஸ்கேப்பில் திறந்து பார்த்திருந்தால் சார் தப்பியிருப்பார். அவர்தான் அதை எவனும் பார்க்கவில்லை என்று தீர்மானித்துவிட்டாரே.

பக்கத்தை ஒப்படைத்துவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டேன். கல்யாணத்துக்காக நிற்கிறேன் என்று நினைத்து, சார் வாசல்வரை வந்து வழியனுப்பினார். என் கையில் ஒரு பேனாவைக் கொடுத்து, "கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்பும்மா" என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால் பேக்ஸ் வந்துவிட்டது. இந்தப் பருவத்துச் சரக்குக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஜெர்மனிக்காரர்கள் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டிருந்தார்கள். அந்த ஆடு என்ன, அதை யார் களவாண்டது?

கீழ ரத வீதியில் அண்ணாச்சியின் ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது சார் ஏற்கெனவே கம்ப்யூட்டர் முன்னால் வேர்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கையில் பேக்ஸ் ஆடிக்கொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை வேலை பார்ப்பது போல் குனிந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. உன் பேரப் போட்டு ஒரு ஆடு ஜெர்மனில மேயுது. இவரு ஆடே இல்லன்னு சத்தியம் பண்ணுதாரு."

"நல்லாப் பாருங்க அண்ணாச்சி" என்றார் சார். "ஆடும் இல்ல, மாடும் இல்ல. அவன் மிஷின்ல ஏதோ வைரஸ்."

நான் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தேன். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வருகிற நெட்ஸ்கேப். அது ஏறி முடிவதற்குள் காபி வந்து ஆடை கட்டிவிட்டது. முகவரியை அடித்தேன். டெலிபோன் லைன் அன்றைக்குச் சோம்பலாக இருந்தது. படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கியது. முதலில் நீலக் கொம்பு. பிறகு காது. பிறகு ஒரு கண் சாரை நேராகப் பார்த்தது. தாடி வந்தபோது கணக்கப்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டார். கடைசியில் எழுத்து.

அண்ணாச்சி நெற்றியில் அறைந்துகொண்டார். "ஆடுகூட வாய் வைக்காத இலைன்னு சொல்லில்லா நான் விக்குதேன்! அதுல கொண்டு ஆட்டக் கட்டிட்டியே, பாவி மவளே!"

"இது துரோகம் அண்ணாச்சி!" சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "போலீசுல குடுக்கணும் இவள!"

"குடுங்க சார். அதுக்கு முன்ன ஆட்ட அவுத்து விடுங்க. பக்கத்தச் செஞ்சவுக நீங்கதான? எங்கன கட்டியிருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அண்ணாச்சி நாற்காலியைச் சார் பக்கமாகத் திருப்பிப் போட்டார். சார் உட்கார்ந்து பக்கத்தைப் பிரித்தார். மேலே போனார், கீழே வந்தார். ஸ்பேசர், ஸ்பேசர், ஸ்பேசர். ஆட்டின் மேலேயே இரண்டு தடவை நடந்து போனார். ஒரு இடத்தில் எதையோ அழித்தார். மொத்தப் பக்கமும் இடப்பக்கமாகச் சரிந்தது. ஆடு மட்டும் நகரவில்லை.

கடைசியில் என் பக்கமாகக் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "நிஷா, வெளிய வா. நாம தனியாப் பேசிக்கிடுவோம்."

"தனியாப் பேச வந்தப்ப சினிமா நடிகையான்னு கேட்டிய. இனிமே துண்டு கிடையாது சார். எல்லாம் வெளிச்சத்துலதான்."

"என்னதான் வேணும் உனக்கு?"

"அன்னைக்கு அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டாவ. அதுக்குப் பதில்."

சார் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "நிஷாவும் கொஞ்சம் உதவி பண்ணிச்சு அண்ணாச்சி."

"கட்டாது சார்."

"சரி, பாதி வேல நிஷா பாத்தது."

"சந்தைல பாதி ஆடு விக்கது இல்ல."

அண்ணாச்சிக்கு எத்தனை கோபம் இருந்தாலும் பேரம் என்று வந்ததும் யாவார ரத்தம் கேட்கவில்லை. இருக்கையின் நுனிக்கு வந்து, "முக்காலுக்கு முடிச்சுக்கிடலாமாம்மா?" என்றார்.

"உசிரோட நிக்குத ஆட்டுல எதக் கழிச்சா முக்கால் அண்ணாச்சி?"

"பொறவு என்னவே, சொல்லும்" என்று அவர் சார் பக்கம் திரும்பினார். "ஜெர்மனிக்காரன் காத்துக் கிடக்கான்."

"நிஷாதான் செஞ்சது" என்று சார் ஜன்னலிடம் சொன்னார்.

"கணக்கப்பிள்ளைக்குக் கேக்கல சார்."

"நிஷாதான் செஞ்சது! முழுசும். நான் ஒண்ணும் செய்யல."

"எழுத்து அடிச்சது?"

"அதுவும் நிஷாதான்."

அந்த நிமிஷத்தின் ருசியை என்னவென்று சொல்ல! சீனி போடாத காபியைக்கூடக் குடித்துவிட்டேன்.

கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். சார் எட்டிப் பார்த்தார். துப்பட்டாவைத் தாராளமாக விரித்து, அவருக்கும் திரைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். ஆடு போனது. அண்ணாச்சி பேக்ஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"கெட்டிக்காரிதான். ஆனா என் சோலிய உனக்குத் தர மாட்டேன், கேட்டியா? இவரு மேல உள்ள காந்தலுக்கு என் கடைல ஆட்டக் கட்டினவ, நாளைக்கு என் மேல காந்தல் வந்தா யானையக் கட்டுவ."

நியாயம்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் தர மாட்டேன். வேலைக்காக நான் வரவுமில்லை.

"சரி அண்ணாச்சி. போறதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு" என்று சாரின் சென்டர் பக்கத்தை நெட்ஸ்கேப்பில் திறந்தேன். 'எங்கள் வாடிக்கையாளர்கள்' என்று ஒரு வரிசை. நான் நின்ற பிறகு சார் என் பக்கத்துக்கே சாயத்தை மாற்றி, இலையை எடுத்துவிட்டு வேறு படம் வைத்து, ஊரெல்லாம் விற்றிருந்தார். ஸ்பேசர்களோடு சேர்த்து. ஏரல் பாத்திரக்கடையைத் தட்டினேன். குத்துவிளக்குக்கு மேலே நீலக் கொம்பு இறங்கியது. திருச்செந்தூர் லாட்ஜைத் தட்டினேன். 'சுத்த சைவம்' என்ற எழுத்தை முன்னங்காலால் மிதித்துக்கொண்டு நின்றது கிடா.



"இந்த லாட்ஜு என் சம்பந்தி லாட்ஜுல்லா!" என்று அண்ணாச்சி துள்ளி எழுந்தார். "என் வாயக் கேட்டுத்தானவே உம்மகிட்ட குடுத்தாரு! இதையும் எடும்மா."

"எடுக்கேன் அண்ணாச்சி. ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு, இப்பச் சொன்னத சார் அவுககிட்டயும் சொல்லட்டும். சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணா அவுக்கேன்."

சார் அண்ணாச்சியைப் பார்த்தார். நான் இணைய லைனைத் துண்டித்துக் கொடுக்க, அண்ணாச்சி டெலிபோனை அவர் பக்கம் நகர்த்தினார். "போடும்வே."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சௌகரியமாக உட்கார்ந்தேன். மணி அடித்தது. திருச்செந்தூரில் யாரோ எடுத்தார்கள்.

"வணக்கம், நான் பாளையங்கோட்டை குற்றாலலிங்கம் பேசுதேன். உங்க பக்கத்துல நம்ம சென்டர் பிள்ள ஒண்ணு கொஞ்சம் உதவி..."

டெலிபோன் கொக்கியில் விரலை வைத்து அமுக்கினேன்.

"முதல்லேருந்து சார்."