பரண்மேல் இரண்டு பாஸ்போர்ட்

கொடைக்கானலுக்கு மேலே, மேலமலைக் கவுஞ்சியில் பூண்டு விற்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டால், சின்னப் பிள்ளைகூடத் திருமலைச்சாமியின் வீட்டைத்தான் கை காட்டும். அறுவடை முடிந்த கையோடு ஊரே மூட்டை கட்டி வடுகபட்டிச் சந்தைக்கு வேன் ஏற்றும். அவர் மட்டும் பூண்டைத் தாளோடு பிடி பிடியாகக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுவிடுவார். தினமும் புகை ஏறும். மாதம் இரண்டு போகும், மூன்று போகும். ஒருநாள் காலையில் வாசலில் நின்று காற்றை மோந்து பார்ப்பதுபோல மூக்கைத் தூக்குவார். "ஏலே, இன்னைக்கு ஏத்துங்கடா" என்பார். அன்றைக்கு விலை உச்சத்தில் இருக்கும். இருபத்தாறு வருஷத்தில் இரண்டே முறைதான் கணக்குத் தப்பியது. அதில் ஒன்றுக்கு மண்சரிவுதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவரிடம்தான் மகாதேவி விமான டிக்கெட் போடச் சொன்னாள்.

ஐப்பசியில் விதைப்பூண்டு ஊன்றிக்கொண்டிருந்தபோது சிங்கப்பூரிலிருந்து மகள் சண்முகப்பிரியாவின் அழைப்பு வந்தது. மாசி நடுவில் பிரசவம் என்று டாக்டர் தேதி குறித்துவிட்டாராம். கல்யாணமாகி ஐந்து வருஷத்துக்குப் பிறகு வரும் முதல் பிள்ளை. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதுதான் வழக்கம். ஆனால் விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, மகள் தாய் வீட்டுக்கு வர முடியாவிட்டால் தாய்தான் மகள் வீட்டுக்குப் போக வேண்டும்.

"ஏங்க, இப்பவே டிக்கெட்டப் போட்டுருவோம்" என்றாள் மகாதேவி, சேற்றுக் கையை முந்தானையில் துடைத்தபடி. "மாசி பொறக்குறதுக்கு முந்தியே நான் அங்க இருக்கணும்."

"ஐப்பசியில ஊனுறப்பவே மாசிக்கு வெல பேசுவாகளா? என்ன புள்ள, நீ பூண்டுக்காரன் பொண்டாட்டியா, இல்ல வேற எவனுக்கும் பொண்டாட்டியா?"

"நான் பிரியாவுக்கு ஆத்தா."

"சரி, கேட்டாவது பாப்போம்."

அடுத்த வாரம் இருவரும் கொடைக்கானலுக்குப் போனார்கள். மூஞ்சிக்கல்லில் ஒரு ரொட்டிக் கடைக்கு மேல் மாடியில் சுமலதா என்பவள் டிராவல்ஸ் கடை வைத்திருந்தாள். மேலமலைக்காரர்கள் வெளிநாடு போவதென்றால் அவள் கை படாமல் போனதில்லை. மகாதேவி பையிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து மேஜையில் வைத்தாள். மகள் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வற்புறுத்தி எடுக்க வைத்தவை. அன்றிலிருந்து பரணில், பூண்டுக்கு நடுவே ஒரு தகர டப்பாவில் கிடந்தன. வீட்டில் பத்திரமான இடம் என்றால் பரண்தான்.

சுமலதா ஒன்றைத் திறந்தாள். உடனே மூடினாள். ஜன்னலைத் திறந்தாள்.

"அக்கா, இத வச்சு ரசம் வச்சிரலாம்போல இருக்கே!"

"செல்லுமாம்மா?"

"வாசத்துக்கெல்லாம் ரூல் இல்லக்கா. காலாவதி ஆக இன்னும் வருஷக்கணக்குல இருக்கு. அதான் முக்கியம், ஆறு மாசத்துக்குக் கொறஞ்சா ஏத்தவே மாட்டாங்க. விசா பெறகு போட்டுக்கலாம், அது ஒரு மாசத்துக்குள்ள போட்டாப் போதும். ஆனா டிக்கெட்ட இப்பவே போட்டுருங்க. மூணு மாசத்துக்கு முந்தி போடுறதுதான் நல்லது. மதுரையிலருந்து பன்னெண்டாயிரத்துக்குக் கெடக்கு. பொங்கல் நெருங்குனா தொட முடியாது."

திருமலைச்சாமி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். எதிராளி அவசரப்படுத்தினால் சரக்கில் ஏதோ இருக்கிறது என்பது அவர் சந்தையில் கற்றது.

"பன்னெண்டாயிரம்னா சிங்கப்பூருக்கு ரொம்பக் கம்மியா இருக்கேம்மா. நல்ல பிளைட்டுதானா? சொத்தையா எதுவும் தலையில கட்டிறாத."

"அண்ணே, பிளைட்டுல ஏதுண்ணே சொத்தை?"

"பாப்போம், பாப்போம். சரக்கு எங்க போயிரப் போகுது."

மகாதேவி பாஸ்போர்ட்டுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் பூம்பாறை வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பூம்பாறையில் ஒரே ஒரு வார்த்தை பேசினாள். அது இங்கே எழுதத்தக்கதல்ல.

ஊருக்கு வெளியே யூகலிப்டஸ் மரங்களுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு உண்டு. போனில் நெட் அங்கேதான் ஒழுங்காகக் கிடைக்கும். காலையில் பூண்டு விலை பார்க்க அங்கே நாலு பேர் எப்போதும் நிற்பார்கள். மறுநாளிலிருந்து திருமலைச்சாமி பூண்டு விலையோடு டிக்கெட் விலையையும் பார்க்க ஆரம்பித்தார். அவர் பார்ப்பதைப் பார்த்து மற்றவர்களும் பார்த்தார்கள். கார்த்திகைக்குள் கவுஞ்சியில் பாதிப் பேருக்கு மதுரை-சிங்கப்பூர் விலை அத்துபடி. வேலைக்குப் போகிறவன் வேலிக்கு மேலிருந்து, "அண்ணே, பதினாலு!" என்று கத்திவிட்டுப் போவான்.

கார்த்திகை கடைசியில் ஒரு காலை அவர் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"ஏ தேவி! பதினேழாயிரம்! ஏறுது பாத்தியா? நான் சொன்னேன்ல, பொறுத்திருந்தா ஏறும்னு!"

மகாதேவி பாலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏங்க, நாம விக்கிறவங்களா, வாங்குறவங்களா?"

திருமலைச்சாமியின் பூரிப்பு மெல்ல வடிந்தது. இருபத்தாறு வருஷமாக விலை ஏறினால் சிரித்துப் பழகிய முகம். அது பழக்கத்தில் சிரித்துவிட்டது.

"அது... ஏறுனது எறங்கும்ல?" என்றார்.

"எறங்குறதுக்குள்ள என் பேரப்பிள்ள நடக்கும்" என்றாள் மகாதேவி.

அதோடு அவள் டிக்கெட் பேச்சையே விட்டுவிட்டாள். காலையில் காரட் பிடுங்கப் போனாள். மாலையில் பேரப்பிள்ளைக்கு ஸ்வெட்டர் பின்னினாள். சிங்கப்பூரில் எதற்கு ஸ்வெட்டர் என்று கேட்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை. சண்டை போட்டாலாவது தேவலை. சந்தையில் பேரம் பேசாமல் நிற்கிற வியாபாரிக்குத்தான் பயப்பட வேண்டும். பக்கத்துக் கடையில் அவன் வாங்கி முடித்திருப்பான்.

அவருடைய மனசுக்குள் இன்னொன்றும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நாலு வருஷத்துக்கு முன் கன்னிவாடியில் தன் தங்கை மகள் சடங்குக்கு மகாதேவி மூன்று நாள் போயிருந்தாள். முதல் நாள் உப்பு எங்கே இருக்கிறது என்று தேடினார். இரண்டாம் நாள் ரொட்டி தின்றார். மூன்றாம் நாள் வெள்ளனே எழுந்து, அவள் வழக்கமாக நிற்கிற அடுப்பங்கரை வாசலில் தானே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். எதற்கென்று அவருக்கே தெரியாது. இப்போது சிங்கப்பூரில் அறுபது நாள் தங்கப் போகிறாள். டிக்கெட் விலை இறங்கட்டும் என்று அவர் காத்திருந்தது பாதிதான் நிஜம். மீதிப் பாதி, அந்த நாள் வராமலே இருக்கட்டும் என்பது.

மார்கழி பனியில் புல்லெல்லாம் வெளுத்தது. டிக்கெட் விலை இருபத்திரண்டாயிரத்தைத் தொட்டது. வளைவில் நிற்பவர்கள் அவரைக் கண்டதும் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள்.

பொங்கலுக்கு மறுநாள் சண்முகப்பிரியா அழைத்தாள். அவள் சிரித்துக்கொண்டுதான் பேசினாள். ஆனால் குரல் கொஞ்சம் நடுங்கியது. "அப்பா, பாப்பா பத்துநாள் முந்தியே வந்தாலும் வரும்ங்கறாங்க. அம்மா வந்துருவாங்கல்ல?"

"வந்துருவா தாயி, வந்துருவா" என்றார் திருமலைச்சாமி. திரும்பிப் பார்த்தார். மகாதேவி கரும்பை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததுதான் அவரை இரவெல்லாம் புரட்டிப் போட்டது.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினார். "எங்கிட்டு?" என்று கேட்ட மகாதேவியிடம், "ஒரு சோலி கெடக்கு" என்றார். சுமலதா கடை திறக்குமுன்பே மாடிப்படியில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே! என்ன இம்புட்டு வெள்ளனே?"

"டிக்கெட் போடு தாயி. மகாதேவிக்கு. என்ன வெலையா இருந்தாலும் சரி. வெரசா."

சுமலதா சாவியைப் பூட்டில் வைத்தபடியே நின்றாள். அவள் உதடு துடித்தது. அழுகிறாளோ என்று நினைத்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்குப் போட்டாச்சுண்ணே."

"எப்ப?"

"ஐப்பசியிலயே. நீங்க வந்துட்டுப் போனீங்கல்ல, அதுக்கு மூணாம் நாள் வீட்டுல மகளிர் குழு கூட்டம்னு சொல்லிட்டு வந்தாங்க. பன்னெண்டாயிரத்துக்கே கெடச்சுது. தை இருபதாந்தேதி. ஜன்னல் சீட்டு. போன வாரம் விசாவும் வந்துருச்சு."

திருமலைச்சாமி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மூன்று மாதமாகப் பனியிலும் மழையிலும் அந்த வளைவில் நின்று, ஏற்கெனவே வாங்கிய சரக்குக்கு விலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கவுஞ்சியின் பூண்டுச் சாமர்த்தியம் மொத்தமும் சேர்ந்து பார்த்திருக்கிறது.

"ஏம்மா நீ சொல்லலை?"

"சத்தியம் வாங்கிட்டாங்கண்ணே. 'அவர் எனக்காக ஒருநாள் வந்து கேக்குறாரான்னு பாப்போம்'னாங்க." சுமலதா டிராயரைத் திறந்தாள். பூண்டு வாசம் குப்பென்று வந்தது. "இதையும் குடுத்துட்டுப் போனாங்க."

அவருடைய பாஸ்போர்ட்.

"இத எதுக்கு?"

"அதையும் நான் கேட்டேன். 'அவருக்கு டிக்கெட் நான் போட மாட்டேன். பூண்டு கெடக்குன்னு சொல்லுவாரு. அவரா கேட்டா எடுத்துக் குடு. கேக்கலைன்னா போறப்ப நான் வாங்கிக்கிறேன்'னாங்க."

 திருமலைச்சாமி பாஸ்போர்ட்டைத் திறந்து தன் படத்தையே பார்த்தார். படத்தில் இருந்த ஆள் எதற்கோ விலை ஏறுமென்று காத்திருப்பவனைப் போல இருந்தான்.

"அதே பிளைட்டுல இன்னொரு சீட்டு இருக்கா?"

சுமலதா கம்ப்யூட்டரைத் தட்டினாள். "இருக்குண்ணே. ஆனா கடைசி வரிசை. இருபத்தாறாயிரம்."

"பன்னெண்டாயிரத்துக்கு..."

"அது ஐப்பசியிலண்ணே."

அவர் வாழ்நாளில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் தலையாட்டினார். "அறுபது நாள் கழிச்சுத் திரும்பி வர்றதுக்கும் சேத்தே போடு. விசாவுக்கும் இன்னைக்கே எழுதிரு" என்றார்.

டிக்கெட் போட்டாயிற்று. ஆனால் நிலத்தில் பூண்டு நின்றது. மாசிக் கடைசியில் பிடுங்க வேண்டிய பூண்டு. பிடுங்கி, கட்டி, பரணேற்றி, வைகாசி வரை காத்திருந்து விற்க வேண்டிய பூண்டு. ஊர் வந்து இறங்கியதும் அவர் நேரே பங்காளி வீரையாவின் தோட்டத்துக்குப் போனார். இருபத்தாறு வருஷமாக அவர் எப்போது விற்கிறார் என்று ஒளிந்து பார்த்து விற்பவர்தான் வீரையா.

"வீரையா, எம் பூண்டை நிலத்தோடயே எடுத்துக்கிறியா?"

வீரையா மண்வெட்டியைக் கீழே போட்டார். "அண்ணே, ஒடம்புக்கு எதுவும்...?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"மண்ணுக்குள்ள இருக்கையில நீங்க விக்கிறீங்களா? ஏண்ணே, வெல சரியப் போகுதா? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க!"

"வெலையெல்லாம் ஏறத்தான் செய்யும். நான் பேரப்பிள்ளயப் பாக்கப் போறேன்."

வீரையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். இதில் ஏதோ பெரிய சூட்சுமம் இருக்கிறது என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு, அவர் மனசு மாறுவதற்குள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டில் மகாதேவி பெட்டியில் பிள்ளை பெற்றவளுக்கான சுக்கும் காயப்பொடியும் அடுக்கிக்கொண்டிருந்தாள். திருமலைச்சாமி டிக்கெட் தாளை அவள் மடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். அதில் இருந்த அவர் பெயரைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது அவருக்குத் தெரியக் கூடாதென்று காயப்பொடியைக் காரணம் காட்டித் தும்மினாள்.

"என்ன வெலைக்குங்க வாங்குனீங்க?"

"எறங்குன வெலைக்குத்தான்."

"ம்ம்" என்றாள் மகாதேவி. தாளின் கீழே விலை போட்டிருந்தது. அவள் அதை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் மடித்தாள். "எனக்கு ஒன்பதாவது வரிசை. உங்களுக்கு இருபத்தேழாவது. நடுவுல இருக்குறவகள்ட்ட சொல்லி மாத்திக்கலாம். உங்களுக்குத்தான் நல்லாப் பேரம் பேச வருமே."

"ஏன் புள்ள, உப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னுதானே பாஸ்போர்ட்ட அங்க குடுத்து வச்ச?"

"உப்புக்காகத்தான் வர்றீங்களாக்கும்?"

 பெட்டியில் இடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். தன்னுடைய இரண்டு வேட்டிகள் அடியில் ஏற்கெனவே மடித்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டதும் நிமிர்ந்துவிட்டார்.

மறுநாள் காலை பழக்கத்தில் கால்கள் வளைவுக்குப் போய்விட்டன. அங்கே ஏழெட்டுப் பேர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.  அவர் தன் போனை எடுத்தார். சிங்கப்பூர் டிக்கெட் மூவாயிரம் இறங்கியிருந்தது. வடுகபட்டியில் பூண்டு கிலோவுக்கு நாற்பது ரூபாய் ஏறியிருந்தது. இரண்டும் ஒரே இரவில். வீரையா மட்டும் ஒரு யூகலிப்டஸ் மரத்துக்குப் பின்னால் நின்று சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்தார்.

ஊரே திருமலைச்சாமியின் முகத்தைப் பார்த்தது.

அவர் போனை அணைத்தார். மஃப்ளரை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"ஏலே, இந்தப் பனியில நின்னு வெலையா பாத்துக்கிட்டிருக்கீங்க? போய்ச் சோலியப் பாருங்கடா. எனக்குப் பெட்டி கட்டணும்."

நாலடி நடந்தவர் திரும்பி நின்றார்.

"வீரையா, பிடுங்குன கையோட வித்துறாத. வைகாசி வரைக்கும் பரண்ல கெடக்கட்டும். நான் அங்கருந்து போன் போட்டுச் சொல்றேன்."