வேலியில் மாட்டிய காதுகள்

குன்றுக்குத் தண்ணீர்க் குழாய் போடுவதென்று முடிவான வருடம், அதுவரை தண்ணீர் சுமந்த ஒதிலியாவின் கழுதை காபித்தான் தன் இரண்டு காதுகளையும் கழற்றி, புகையிலை உலர்த்தும் வேலியில் மாட்டியது. கொலம்பியக் கரையோரத்து சேரோ பிளாங்கோ குன்றில் அன்றைக்கும் தண்ணீர் சரியான நேரத்துக்கு மேட்டு வீடுகளுக்கு வந்துவிட்டதால், ஊர் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

காரணம் குழாய்க்கு அளவெடுத்த பொறியாளர் மரிசெல். அந்தக் குன்றிலேயே பிறந்தவள். கழுதையின் உடம்பைப் பற்றிப் பேசுமுன் அதன் காதுகளைத் தொப்பியால் மூடவேண்டும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். புகழத்தானே போகிறோம் என்று அவள் மூடாமல் விட்டாள். எலும்பில் தேவைக்கு மேல் துளி கனமில்லை, கால் தசைநாண்கள் ஓர் எட்டில் வாங்கிய விசையை அடுத்த எட்டில் திருப்பித் தருகின்றன, இப்படியொரு பாலத்தைத் தன்னால் கட்ட முடியாது என்றெல்லாம் வியந்துவிட்டுக் கடைசியில், "இந்தக் காதுதான் எதுக்குன்னு புரியல. ஒரு பாரமும் தாங்கலையே" என்றாள்.

மறுநாளிலிருந்து காபித்தான் இரண்டு தகர டின் தண்ணீர் கூடுதலாகச் சுமந்தது. எந்தச் சத்தத்துக்கும் நிற்கவில்லை, யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. மரிசெலுக்கு உள்ளூரப் பெருமை. தன்னிடமும் பாரம் தாங்காதவை எவை என்று தேடிப் பார்த்தாள்: மதியங்களில் காரணமில்லாமல் வந்து உட்காரும் துக்கம், யாருக்கும் பாடிக்காட்டாத ஒரு பாட்டு. அவற்றையும் கழற்றி மாட்ட முடிந்தால் நல்லதென்று தோன்றியது.

மார்ச் வெயிலில் கழுதை ஏற்றத்தின் பாதியில் விழுந்தது. உடம்பு அடுப்புக்கல்லாகக் கொதித்தது. இழுத்து மாமர நிழலில் போட்டார்கள். குழாய் வர இன்னும் ஒரு வருடம் இருந்தது. மேலே வீடுகளில் பானைகள் காலி.

"பெரிய வாயிடி உனக்கு! சொன்னதை நீயே திருப்பி வாங்கு" என்றாள் ஒதிலியா.

"எப்படிக்கா? அதுக்குத்தான் காதே இல்லையே."

"வேலியில தொங்குறது என்ன, என் பாவாடையா?"

மரிசெல் வேலிக்குப் போய் அந்தக் காதுகளுக்குள் பேசினாள். மெல்லிய தோலுக்கடியில் ஓடும் ரத்தம் காற்றில் ஆறி உடம்புக்குத் திரும்புகிறது, அது வெயிலைத் தாங்கும் உறுப்பு, என் கணக்கில் விட்டுப்போயிற்று என்றாள். காதுகள் அசையவில்லை. தயங்கித் தயங்கி, எந்தக் கணக்கிலும் சேராத ஒன்றையும் சொன்னாள்: "காலையில நீ என் பக்கம் காதைத் திருப்புவியே, யாரோ எனக்காகக் காத்திருந்த மாதிரி இருக்கும்."

சாயங்காலம் காபித்தான் எழுந்து வேலிவரை நடந்து, காதுகளை மாட்டிக்கொண்டது. இரண்டில் எந்தப் பேச்சு அதை எழுப்பியதென்று மரிசெலுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அவசரத்தில் இடது வலதாகி, இரண்டும் பின்பக்கம் பார்த்து நின்றன. அதனால் பின்னால் வருகிறவர்களின் சத்தம்தான் அதற்கு நன்றாகக் கேட்டது. ஏற்றத்தில் அவசரமாக யார் வந்தாலும் ஒதுங்கி வழிவிட்டது. அவர்களும் அதற்கு நன்றி சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.