பிரேக் இல்லாத பஸ்

நான் பஸ் ஓட்டினா நின்னுக்கிட்டு வர்றவங்ககூட கம்பியைப் பிடிக்க மாட்டாங்க. அவ்வளவு நிதானம். அதே நான் போனை எடுத்து ஆன்லைன்ல செஸ் ஆட உட்கார்ந்தா, பேய் பிடிச்ச மாதிரி ஆயிடுவேன். தோத்தா உடனே அடுத்த ஆட்டம். அதுலயும் தோத்தா இன்னொண்ணு. வாரம் முழுக்க ஏத்தின ரேட்டிங் புள்ளி ஒரே சாயங்காலத்துல சரிஞ்சு கிடக்கும்.

எங்க டிப்போ டிக்கெட் செக்கர் சட்டையில எப்பவும் ஒரு விசில் தொங்கும். அதனால எல்லாருக்கும் அவர் விசில் அண்ணன். அவரும் செஸ் ஆடுவார், என் ஆட்டத்தைக் கண்டு எனக்கு வச்ச பேரு 'பிரேக் இல்லாத பஸ்'. ஒரு டிரைவரைப் பார்த்துச் சொல்ற பேச்சா இது? எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

டிப்போக்களுக்குள்ள ஆன்லைன் செஸ் போட்டி வந்தது. எங்க டீம்ல ஒரே ஒரு இடம் பாக்கி, கேட்டது நானும் விசில் அண்ணனும். "நீங்க ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் ஆடுங்க, ஜெயிக்கிறவங்களுக்கு இடம்"னு கேப்டன் சொல்லிட்டார். கேப்டன்னா எங்க மெக்கானிக்குதான்.

"ஆட்டம் வேறயா? அவளே எங்கயாவது கொண்டுபோய் மோதிக்குவா"ன்னு விசில் அண்ணன் சிரிச்சார்.

சிரிங்க, நல்லா சிரிங்க. அந்த இடத்தை விடறதில்லைன்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

புதுசா ஆடுறதை நிறுத்திட்டு, தோத்த ஆட்டங்களை ஒண்ணொண்ணா எடுத்துப் பார்த்தேன். என் வண்டவாளம் எல்லாம் வெளியே வந்தது. ஆன்லைன்ல ஒரு வசதி உண்டு. எதிராளி நகர்த்துறதுக்கு முன்னாடியே நம்ம அடுத்த நகர்வைப் போட்டு வச்சுடலாம். அவர் முறை முடிஞ்ச மறுநொடி அது தானா நடந்துடும். நான் தோத்ததுல முக்கால்வாசி அந்தக் கூத்தாலதான்.

ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கிற என் வீட்டுக்காரர் துணி மடிச்சுக்கிட்டே எட்டிப் பார்த்தார். அவருக்கு செஸ்ஸே தெரியாது, விஷயத்தை விளக்கிச் சொன்னேன்.

"அவன் என்ன பண்ணப் போறான்னு பார்க்காமலேயா ஆடுற?"

"ஆளுக்குக் கொஞ்ச நிமிஷம்தான், தீர்ந்தா தோல்வி. இப்படி ஆடினா நேரம் மிச்சமாகும்ங்க."

"நேரம் மட்டுமா? மூளையும்தான் செலவாகாம புத்தம்புதுசா இருக்கு."

தலையணையைத் தூக்கி எறிஞ்சேன். ஆனா அன்னைக்கே அந்த வசதியை அணைச்சுட்டேன். முதல்ல நேரம் பத்தாம தோத்தேன், அழுகையே வந்தது. அப்புறம் மெல்ல மெல்ல ரேட்டிங் ஏறிச்சு, ஏறினது இறங்கவும் இல்லை.

கையோட விசில் அண்ணன் ஆடின ஆட்டங்களையும் பார்த்தேன். அட, அவருக்கும் அதே வியாதி! நேரம் குறைஞ்சா, ராணியை ரெண்டே கட்டத்துல முன்னும் பின்னுமா ஓட்டுவார். எல்லாம் முன்கூட்டியே வரிசையா போட்டு வச்ச நகர்வு. அவருக்கு நேரமே செலவாகாது, எதிராளி யோசிச்சு யோசிச்சு நேரம் தீர்ந்து தோத்துடுவார்.

ஆட்டம் டிப்போ ஓய்வறையில. எதிரெதிரா உட்கார்ந்தோம், ஆளுக்கொரு போன். நடுவுல டீ கிளாஸ்தான், பலகை இல்லை. காய்கள் கடைசிவரைக்கும் சரிசமமா வந்தது. நேரம்தான் ரெண்டு பேருக்கும் சில நொடி, எனக்கு இன்னும் கம்மி. விசில் அண்ணன் ராணியை ஓட்ட ஆரம்பிச்சுட்டார். போகுது, வருது, போகுது, வருது. அவர் போனைக்கூடப் பார்க்கலை, டீயை உறிஞ்சுறார்.

அவசரமா எதையாவது தள்ளுன்னு கை பரபரங்குது. சிவப்பு சிக்னல்ல நிக்கிற மாதிரி ஒரு நொடி நின்னேன். ராணி இப்போ இங்க நிக்குது, அடுத்து அந்தக் கட்டத்துக்குத்தான் போகும். அந்தக் கட்டத்தை வெட்டுற இடத்துல குதிரையைக் கொண்டுபோய் வச்சேன்.

ராணி தானா நடந்து வந்து குதிரை வாயில விழுந்துச்சு. வெட்டினேன்.

விசில் அண்ணன் டீயை வச்சுட்டு போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். கை ஓடலை மனுஷனுக்கு. இப்போ அவர் முறை, ஓடுறது அவர் கடிகாரம். அவர் வாயை மூடுறதுக்குள்ள நேரம் தீர்ந்துபோச்சு. ஐயோ, நான் போட்ட கூச்சல்ல பணிமனையில இருந்தவங்க ஓடி வந்துட்டாங்க! கேப்டன் அங்கயே என் பேரை டீம்ல போட்டுட்டார்.

"இன்னொரு ஆட்டம் வா"ன்னார் விசில் அண்ணன், மூஞ்சி சிவக்க.

"வேண்டாண்ணே. நானும் அப்படி ஆடித்தான் நாசமாப் போனேன், முன்கூட்டியே போட்டு வைக்கிற வசதியை அணைச்சப்புறம்தான் தேறினேன். முதல்ல இந்த ஆட்டத்தைப் பாருங்க."

நாற்காலியை என் பக்கமா இழுத்துப் போட்டுக்கிட்டார். ராணி விழுந்த இடத்தை ரெண்டு மூணு தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். அப்புறம் யாருக்கும் கேட்காத மாதிரி குனிஞ்சு, தன் போனை என் கையில கொடுத்தார்.

"ஏம்மா, இதுல பிரேக்கு எங்க இருக்கு?"