ஜூன் மாதத்துப் பாப்பி

கிட்ட வாங்க கண்ணுகளா, ஹில்டா டீக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு போன கதையைச் சொல்கிறேன்.

போரில் இறந்தவர்களுக்காக எங்கள் ஊரில் நவம்பரில் சட்டையில் சிவப்புக் காகிதப் பாப்பிப் பூ குத்துவோம். பதினொன்றாம் தேதி கழிந்தால் எடுத்துவிடுவோம். ஹில்டாவின் தம்பி டெஸ்மண்ட் ஃபாக்லாந்துப் போரில் செத்தது ஜூனில். அதனால் ஜூனில் நடந்த தேவாலயத் தோட்ட விருந்தில் எல்லோருக்கும் டீ ஊற்ற அவள் பூவோடு வந்தாள்.

விருந்தை நடத்திய கிளிஃபோர்டு வழிமறித்தார். "ஏம்மா, அப்படியே கிறிஸ்துமஸ் தொப்பியும் போட்டுக்க வேண்டியதுதானே? பூவைக் கழட்டு. இல்லேன்னா இங்க டீ ஊத்தக் கூடாது."

"என் தம்பி நவம்பர் வரைக்கும் காத்திருந்து சாகலைய்யா," என்றாள் ஹில்டா.

கெண்டியோடு வாசலுக்கு வெளியே போய் நின்றாள். கேக்குத் தட்டுகளை ஏந்திக்கொண்டு கூட்டமே பின்னால் போனது. கடைசியில் கிளிஃபோர்டும் வந்து காலிக் கோப்பையை நீட்டினார்.

"முதல்ல அவன் பேரைச் சொல்லுங்க."

"டெஸ்மண்ட்," என்றார் அவர், தொப்பியைக் கழற்றியபடி.

அவள் கோப்பை நிறைய ஊற்றினாள். பூ சட்டையிலேயே இருந்தது.

உங்கள் வீட்டுக் கெண்டி ஆறாமல் இருக்கட்டும். வெளியே போன பிள்ளைகள் எல்லோரும் சாப்பாட்டு வேளைக்கு வீடு திரும்பட்டும்.