மூன்று கல், மூன்று நிழல்

சிங்கப்பூர், டோக்கியோ, ஹாங்காங் நகரங்களில் நிற்கும் மூன்று கட்டடங்களின் நிழல் தை மாதத்திலிருந்து கச்சிராயபாளையத்தில் அரங்கநாதனின் கரும்பின்மேல் விழுந்தது. கட்டடங்கள் வரவில்லை. நிழல்கள் மட்டும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிவரை தெளிவாகக் கிடந்தன.

கரும்பை மட்டும் நம்ப வேண்டாம், பணத்தைப் பிரித்துப் போடலாம் என்று சென்னையில் இருக்கும் மகள் கோகிலவாணி சொன்னதால், மேட்டுக்காட்டை விற்று அந்தக் கட்டடங்களின் வாடகையில் பங்கு தரும் யூனிட்டுகளை வாங்கியிருந்தார். வாங்கிய சொத்துக்குக் கல் நட்டுப் பால் ஊற்றாமல் அவருக்குத் தூக்கம் வராது. போனுக்குள் இருந்த சொத்தை எங்கே போய் மிதிப்பது? ஆகவே மிச்சமிருந்த கரும்புக்காட்டிலேயே கட்டடத்துக்கு ஒன்றாகக் கல் நட்டுச் சூடம் கொளுத்தினார். மறுநாள் நிழல் வந்தது.

சந்தையில் விலை ஏறினால் நிழல் நீண்டது, இறங்கினால் சுருங்கியது. கரும்பு வெளுத்தது. சித்திரையில் விலை எகிறியபோது, வரப்பைத் தாண்டிப் பக்கத்துக் காட்டுக்காரர் பாவாடையின் கரும்பையும் மூடியது. அவர் கடப்பாரையோடு வந்தார்.

"உன் நெழலு என் வெள்ளாமைய தின்னுக்கினு கீது. கல்ல நீ புடுங்கிறியா, நான் புடுங்கட்டுமா?"

கல்லைப் பிடுங்கினால் போனுக்குள் இருப்பதும் போய்விடும் என்று அரங்கநாதனுக்குப் பயம். மேட்டுக்காடு இனித் திரும்பி வராது. கடப்பாரை முதல் கல்லின் அடியில் இறங்கியது. வானத்தில் மேகமே இல்லாதபோதும் நிழலில் கிடந்த ஒரு சன்னல் மெல்ல ஆடியது. அரங்கநாதனின் மனைவி ராஜாம்பாள் குனிந்து நிழலுக்குள் மண்ணைத் தொட்டாள். உச்சிவெயிலிலும் ஈரம்.

"ஏண்ணா, கரும்புக்குத்தான வெயில் வோணும்? வெத்தலைக்கு?"

பாவாடை கடப்பாரையை எடுக்கவுமில்லை, அழுத்தவுமில்லை. நிழலிலேயே உட்கார்ந்தார்.

அந்த வருட வெட்டோடு இரண்டு காட்டிலும் கரும்பு போடுவது நின்றது, வெற்றிலைக் கொடி ஏறியது. நிழலுக்காக அகத்தி போடாத கொடிக்கால் என்று மணலூர்பேட்டை வியாபாரிகள் வந்து பார்த்துப் போனார்கள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு வெற்றிலையை மட்டும் வாங்கிப் போனார்கள்.

போன கோடையில் ஒரு முற்பகலில் பாவாடை வரப்பில் ஓடி வந்தார்.

"இன்னாடா அரங்கநாதா, சிங்கப்பூரு கம்மியாயிடுச்சு! கொடி சுருண்டுக்கினு கீது!"

அரங்கநாதன் போனைப் பார்த்தார். "டோக்கியோ ஏறிக்கினு கீது. கொஞ்சம் பொறு."

பாவாடை இடுப்பில் கை வைத்து நின்றார். மெல்ல ஒரு தண்ணீர்த் தொட்டியின் நிழல் வரப்பைத் தாண்டி வந்து முதல் கொடியைத் தொட்டது. அவர் மோட்டார் போடப் போனார்.